உலக முடிவுக்குத் தேதி உண்டா? பரவும் தீர்க்கதரிசனங்களும் திருமறை சொல்வதும்

ஆனேக்கல்: 2025 செப்டம்பர் 23, 24 ஆகிய நாள்களில் இயேசு கிறிஸ்து தமது சபையை எடுத்துக்கொள்ள வருவார் என்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஜோசுவா ம்லகேலா என்பவர் கூறிய காணொளி, சமூக ஊடகங்களின் வழியாகப் பல நாடுகளுக்கும் பரவியது. யூதர்களின் எக்காளப் பண்டிகை நாள்களோடு அந்தத் தேதி பொருந்தியதால் பலர் அதை உறுதியான அடையாளமாகக் கருதினர். வேலையை விட்டுவிட்டதாகவும் உடைமைகளை விற்றுவிட்டதாகவும் சிலர் காணொளி வெளியிட்டனர். இரண்டு நாள்களும் வழக்கம்போலக் கடந்தன.

இத்தகைய செய்திகள் இன்று எந்த ஊரையும் விட்டுவைப்பதில்லை. பெங்களூரு நகர மாவட்டத்தில், தமிழகத்தின் ஒசூரை ஒட்டி அமைந்திருக்கும் ஆனேக்கல் வட்டத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுவோர் அருகருகே வாழ்கின்றனர். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே தொழிற்பகுதிகளுக்குப் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் ஏராளம். சொந்த ஊரின் ஆலயத்தையும் உறவினரையும் விட்டு வந்தவர்களுக்குக் கைப்பேசியே பல நேரங்களில் பிரசங்க மேடையாகிறது. அதில் வரும் தேதியை நம்பி ஒருவர் வேலையை விட்டாலும், சேமிப்பைக் கொடுத்தாலும், மருந்தை நிறுத்தினாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய யாரும் முன்வருவதில்லை.

ஆகவே, இந்தத் தீர்க்கதரிசனங்களை மதிப்பிடும் அளவுகோல் எது என்ற கேள்வி எழுகிறது. அந்த அளவுகோலைக் கிறிஸ்தவத்துக்கு வெளியே தேட வேண்டியதில்லை. திருமறையும் இரண்டாயிரம் ஆண்டு மரபும் அதைத் தெளிவாகவே வைத்திருக்கின்றன.

வருகை உண்டு, தேதி இல்லை

கிறிஸ்து மீண்டும் வருவார், உயிரோடிருப்போரையும் இறந்தோரையும் நியாயந்தீர்ப்பார் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. 325-ஆம் ஆண்டு நிசேயா சங்கம் வகுத்த விசுவாச அறிக்கையிலும் அது இடம்பெற்றுள்ளது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையினர், லுத்தரன் சபையினர், தென்னிந்தியத் திருச்சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் என எவரும் இதில் வேறுபடுவதில்லை.

ஆனால் அந்த நாள் எது என்பதில் புதிய ஏற்பாடு கதவை அடைத்தே வைக்கிறது. அந்த நாளையும் நாழிகையையும் வானதூதரும் அறியார், தந்தை ஒருவரே அறிவார் என்று இயேசு கூறியதாக மத்தேயு (24:36), மாற்கு (13:32) ஆகிய இரு நற்செய்திகளும் பதிவு செய்கின்றன. மகனும் அதை அறியார் என்று மாற்கு வெளிப்படையாகவே சேர்க்கிறார். உயிர்த்தெழுந்த பின்னர் சீடர்கள் அதே கேள்வியைக் கேட்டபோது, காலங்களையும் வேளைகளையும் அறிவது உங்களுக்குரியதன்று என்ற விடையே கிடைத்தது (அப்போஸ்தலர் நடபடிகள் 1:7).

லூக்கா நற்செய்தி (21:8) இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து, காலம் நெருங்கிவிட்டது என்று அறிவிப்போரைப் பின்பற்ற வேண்டாம் என்று இயேசு எச்சரிப்பதை அது குறிப்பிடுகிறது. தேதி குறிப்பவர் மேற்கோளாகக் காட்டும் அதே நூல், தேதி குறிப்பவரைப் பற்றியே எச்சரிக்கிறது.

தெசலோனிக்காவில் எழுந்த முதல் பதற்றம்

தேதிப் பதற்றம் இக்காலத்துக்கு மட்டும் உரியதன்று. ஆண்டவருடைய நாள் ஏற்கெனவே வந்துவிட்டது என்ற வதந்தி, பவுல் எழுதியதாகக் கூறப்பட்ட ஒரு கடிதத்தின் பெயரால் தெசலோனிக்கா சபையில் பரவியதாகத் தெரிகிறது. அதனால் மனங்கலங்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் கடிதம் (2:1-3) கூறுகிறது. போலிக் கடிதத்தின் வழியே வதந்தி பரவுவது அன்றும் நடந்திருக்கிறது.

அக்கடிதத்தின் மூன்றாம் அதிகாரம், வேலை செய்யாமல் சுற்றித் திரிவோரைக் கண்டிக்கிறது. உழைக்க விரும்பாதவன் உண்ணவும் கூடாது என்ற கடுமையான அறிவுரை அங்கேதான் வருகிறது (3:10). முடிவு நெருங்கிவிட்டது என்ற எண்ணமே அவர்களைச் சோம்பலில் தள்ளியிருக்கலாம் என்று விரிவுரையாளர் பலர் கருதுகின்றனர். காத்திருத்தலுக்கும் கைகட்டி இருத்தலுக்கும் உள்ள வேறுபாடு தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது.

அகுஸ்தீன் முதல் லாத்தரன் வரை

410-இல் ரோம் நகரம் சூறையாடப்பட்ட பின்னர், உலக முடிவு பற்றிய அச்சம் பெருகியது. சலோனா நகர ஆயர் எசிக்கியுஸ் இதுபற்றி எழுப்பிய ஐயத்துக்குப் புனித அகுஸ்தீன் விரிவான மறுமொழிக் கடிதம் எழுதினார். தலைவனுக்காகக் காத்திருக்கும் மூன்று பணியாளரை அதில் அவர் எடுத்துக்காட்டுகிறார். ஒருவன் தலைவன் விரைவில் வருவான் என்கிறான். இன்னொருவன் தாமதமாகவே வருவான் என்கிறான். மூன்றாமவன் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறான். மூவரும் தலைவனை நேசிக்கின்றனர், விழித்திருக்கின்றனர். எனினும் தவறிப்போக வழியில்லாதவன் மூன்றாமவனே என்பது அகுஸ்தீனின் முடிவு. முதலாமவன் சொன்னது பொய்த்தால், அதை நம்பியவர்கள் வருகையே இல்லை என்று எண்ணத் தொடங்கிவிடுவர் என்பது அவரது கவலை.

1516 டிசம்பர் 19 அன்று ஐந்தாம் லாத்தரன் சங்கம் இதைச் சட்டமாகவே ஆக்கியது. வரவிருக்கும் தீமைகளுக்கும், அந்திக்கிறிஸ்துவின் வருகைக்கும், இறுதித் தீர்ப்புக்கும் குறிப்பிட்ட காலத்தை அறிவித்துப் பிரசங்கிப்பதை அது தடை செய்தது. சீர்திருத்தச் சபைகளிலும் இதே நிலைதான். ஜெர்மனியில் லூத்தரின் நண்பரும் கணித அறிஞருமான மிகாயேல் ஸ்டீஃபெல், 1533 அக்டோபர் 19 காலை 8 மணிக்கு உலகம் முடியும் என்று கணித்தார். அந்நேரம் கடந்ததும் அவர் தமது பங்குப் பொறுப்பை இழந்தார்.

தமிழ் மண்ணிலிருந்து கிளம்பிய எழுப்புதல்

தென்னிந்தியாவுக்கும் இதில் தனி வரலாறு உண்டு. 1860-இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கிறிஸ்டியான்பேட்டையில் ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் தலைமையில் பெரும் எழுப்புதல் நிகழ்ந்தது. பாவ அறிக்கை, அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம் என்று அதன் தன்மைகள் பதிவாகியுள்ளன. அருளப்பனை உருவாக்கியவர்களுள் முக்கியமானவர், 1833-இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். பிரதரன் இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர் அவர்.

எழுப்புதலின் அலை 1873-இல் திருவிதாங்கூரைத் தொட்டது. அதன் தலைவராக விளங்கியவர் யூஸ்தூஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யன் என்ற பெயரோடு பிறந்த அவர், 1861-இல் குடும்பத்தாருடன் திருமுழுக்குப் பெற்று, சர்ச் மிஷன் சங்கத்தின் கீழ் குருவானவராகப் பணியாற்றினார். வடமொழிப் புலமையால் மக்கள் அவரை ‘வித்வான் குட்டி’ என்று அழைத்தனர். மனந்திரும்புதலை வலியுறுத்திய அவரது கூட்டங்கள் ஆங்கிலிக்கன் சபையோடு நில்லாமல் சிரியன் சபைகளிலும் தாக்கத்தை ஏற்படுத்தின.

1875-இல் திருப்பம் ஏற்பட்டது. 1881-இல் கிறிஸ்து வருவார் என்ற தீர்க்கதரிசனம் எழுந்தது. வித்வான் குட்டி அதை ஏற்றுக்கொண்டார், தாய்ச்சபையிலிருந்து பிரிந்தார். மிஷனரிகள் அக்குழுவை ‘ஆறு ஆண்டுக் கட்சி’ என்று எழுதினர். ஊர் மக்களோ ‘ஐந்தரைக்காரர்’ என்று அழைத்தனர். 1881 வந்தது, கடந்தது. பலர் தங்கள் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியவர்கள் வருகை ஆவிக்குரிய முறையில் நிகழ்ந்துவிட்டது என்று விளக்கம் கூறி, ‘யூயோமயம்’ என்ற தனி மார்க்கமாக விலகிச் சென்றனர்.

அகுஸ்தீனின் கவலை இங்கே அப்படியே நிகழ்ந்தது. வித்வான் குட்டியின் பக்தியையோ புலமையையோ எவரும் ஐயுறவில்லை. எனினும் ஓர் ஆண்டு எண்ணோடு கட்டப்பட்ட எழுப்புதல், அந்த ஆண்டோடு சிதறிப்போனது.

‘இரகசிய வருகை’ என்பது எவ்வளவு பழமையானது?

தமிழ்ப் பிரசங்கங்களில் ‘இரகசிய வருகை’, ‘சபை எடுத்துக்கொள்ளப்படுதல்’ ஆகிய சொற்கள் பெருவழக்காக உள்ளன. விசுவாசிகள் மேகங்களில் ஆண்டவரை எதிர்கொள்வர் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் (4:17) கூறுவதே இதன் அடிப்படை. ஆனால் கிறிஸ்து முதலில் இரகசியமாக வந்து சபையை எடுத்துக்கொள்வார், பின்னர் ஏழு ஆண்டு உபத்திரவம், அதன்பின் வெளிப்படையான வருகை என்ற காலவரிசை, 1830-களில் பிரிட்டனில் ஜான் நெல்சன் டார்பி என்னும் பிரதரன் தலைவர் முறைப்படுத்தியதாகும். 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுசேர்த்தது.

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளும், லுத்தரன் உள்ளிட்ட மரபுவழிச் சீர்திருத்தச் சபைகளும் இந்தக் காலவரிசையை ஏற்பதில்லை. தெசலோனிக்கேயர் பகுதியில் ஆரவாரமும் தேவ எக்காளமும் கூறப்படுவதால், அது எவ்வகையிலும் இரகசியம் அன்று என்பது அவர்களது வாதம். பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் இந்தப் போதனையை ஏற்கின்றன. ஆனால் வருகை எந்நேரமும் நிகழலாம் என்பதே அப்போதனையின் உயிர். எந்நேரமும் நிகழலாம் என்று நம்புவோர் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால், தங்கள் போதனைக்கே முரண்படுகின்றனர்.

666 எதைக் குறிக்கிறது?

பார்கோடு வந்தபோதும், ஆதார் எண் வந்தபோதும், கொரோனா தடுப்பூசி வந்தபோதும் ஒரே குற்றச்சாட்டு எழுந்தது. இதுவே வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரம் கூறும் மிருகத்தின் முத்திரை என்பதே அது.

கத்தோலிக்கர் ‘திருவெளிப்பாடு’ என்று அழைக்கும் அந்நூல், முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோம ஆட்சியின் கீழ் துன்புற்ற ஏழு ஆசியச் சபைகளுக்கு எழுதப்பட்டது. எபிரேய, கிரேக்க எழுத்துகளுக்கு எண் மதிப்பும் உண்டு. ‘நேரோன் கைசர்’ என்ற கிரேக்க வடிவத்தை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 கிடைக்கிறது. லத்தீன் வழக்குப்படி ஈற்றிலுள்ள ‘ன்’ ஒலியை நீக்கினால் அதன் மதிப்பான 50 குறைந்து 616 ஆகிறது. பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் 616 என்றே இருப்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. கிறிஸ்தவரைத் துன்புறுத்திய நீரோ மன்னனையே முதல் வாசகர்கள் நினைத்திருப்பர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய புனித இரேனியு, 616 என்ற பாடத்தை அறிந்திருந்தார். 666 என்பதே சரியானது என்றும், அந்த எண்ணுக்குப் பொருந்தும் பெயர்கள் பல இருப்பதால் அவசரப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து என்றும் அவர் எச்சரித்தார்.

முத்திரை பற்றிய பகுதியை அடுத்து, 14-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, ஆட்டுக்குட்டியானவருடைய மக்களின் நெற்றியில் தந்தையின் பெயர் எழுதப்பட்டிருப்பதாகக் கூறப்படுகிறது. அதை எவரும் பச்சை குத்துதலாகவோ மின்னணுச் சில்லாகவோ கொள்வதில்லை. இரண்டுமே யாரை வணங்குகிறோம் என்பதன் அடையாளங்கள். மிருகத்தை வணங்காத ஒருவர், தடுப்பூசி போட்டுக்கொள்வதால் தெரியாமல் முத்திரையிடப்பட்டுவிட மாட்டார். கொரோனா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது அறநெறிப்படி ஏற்கத்தக்கது என்று 2020 டிசம்பர் 21 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அறிவித்தது.

மலாக்கியின் திருத்தந்தையர் பட்டியல்

2025 ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தபோது, ‘புனித மலாக்கியின் தீர்க்கதரிசனம்’ மீண்டும் பரவியது. இவர் பழைய ஏற்பாட்டு மல்கியா அல்லர். 1148-இல் இறந்த அயர்லாந்து ஆயர். அவர் பெயரிலான பட்டியலில் 1143-இல் பொறுப்பேற்ற இரண்டாம் செலஸ்டின் தொடங்கி 112 திருத்தந்தையருக்கு மறைபொருளான அடைமொழிகள் உள்ளன. கடைசியாக ‘ரோமனாகிய பேதுரு’ வருவார், அப்போது ரோம் நகரம் அழியும், நியாயத்தீர்ப்பு நடக்கும் என்கிறது அது.

இப்பட்டியல் முதன்முதலில் வெளியானது 1595-இல், அர்னால்டு வியோன் என்ற துறவியின் நூலில். மலாக்கி இறந்து 400 ஆண்டுகளுக்கும் மேலாக எவரும் அதைக் குறிப்பிடவில்லை. 1590 வரையிலான அடைமொழிகள் அந்தந்தத் திருத்தந்தையரின் ஊர், குடும்பப் பெயர், சின்னம் ஆகியவற்றோடு துல்லியமாகப் பொருந்துகின்றன. அதற்குப் பிந்தியவை எவருக்கும் பொருத்திவிடக்கூடிய பொதுச் சொற்களாக உள்ளன. 1590-ஐ ஒட்டி எழுதப்பட்ட போலி அது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்ததற்கு இதுவே காரணம். வழக்கமான எண்ணிக்கைப்படி பிரான்சிஸ் 112-ஆமவர். 2025 மே 8 அன்று பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். பட்டியலில் இடமே இல்லாத ஒருவர் இன்று பொறுப்பில் இருக்கிறார்.

‘மூன்று நாள் இருள்’ பற்றிய செய்தியும் இவ்வகையே. 1837-இல் இறந்த அன்னா மரியா தாயிஜி கூறியதாக அது பரவுகிறது. அவருக்கு 1920-இல் அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது உண்மை. ஆனால் ஒருவருக்குப் பட்டம் வழங்குவது, அவர் பெயரால் பரவும் ஒவ்வொரு முன்னறிவிப்பையும் உறுதிப்படுத்துவது ஆகாது. தனிநபர் வெளிப்பாடுகள் விசுவாசக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 67) தெளிவுபடுத்துகிறது.

தேதிகள் தவறும்போது நடப்பவை

அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-ஐ எதிர்நோக்கி ஏமாந்தனர். எட்கர் விசனன்ட் என்பவர் 88 காரணங்களை அடுக்கி 1988 செப்டம்பரை அறிவித்தார். அவரும் எக்காளப் பண்டிகையையே கணக்கில் கொண்டார். அது தவறியதும் அடுத்த ஆண்டைக் குறித்தார். வானொலிப் பிரசங்கியான ஹெரால்டு கேம்பிங், 2011 மே 21 என்றார், பின்னர் அக்டோபர் 21 என்றார். 2012-இல், தேதி குறித்தது பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள், அச்செய்தியை விளம்பரப்படுத்த நியூயார்க்கின் ஓய்வுபெற்ற போக்குவரத்து ஊழியர் ஒருவர் தமது சேமிப்பிலிருந்து சுமார் 1,40,000 டாலரைச் செலவிட்டிருந்தார்.

பண இழப்போடு முடியாத நிகழ்வுகளும் உண்டு. 2023-இல் கென்யாவின் ஷகாஹோலா காட்டில் 400-க்கும் மேற்பட்டோரின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. உலகம் முடியுமுன் இயேசுவைச் சந்திப்பதற்காகப் பட்டினி கிடக்குமாறு தூண்டப்பட்டனர் என்பது வழக்கு. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தனர். குற்றம் சாட்டப்பட்ட போதகர் அதை மறுத்துள்ளார்.

ஒரு செய்தி வந்தால் எப்படிச் சோதிப்பது?

எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுமாறு யோவான் எழுதிய முதல் கடிதம் (4:1) அறிவுறுத்துகிறது. திருமறையும் மரபும் தரும் சோதனைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, அச்செய்தி நாளையோ ஆண்டையோ குறிக்கிறதா? குறித்தால், மேலும் ஆராயத் தேவையில்லை. அது இயேசுவின் சொல்லுக்கே மாறானது.

இரண்டாவது, அதைச் சொன்னவர் முன்னரும் இவ்வாறு சொல்லியிருக்கிறாரா? தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறாவிட்டால் அது கடவுள் சொன்னதன்று, அவனுக்கு அஞ்ச வேண்டாம் என்கிறது உபாகமம் (18:22). தேதியைத் திருத்தி அறிவிப்பதற்கு அங்கே இடமில்லை.

மூன்றாவது, வானியல் நிகழ்வை அடையாளமாகக் காட்டுகிறதா? 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியாவில் தெரிந்த முழு சந்திர கிரகணத்தைப் போன்ற ‘இரத்த நிலா’க்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணித்துவிட முடியும். நிலவு இரத்தமாக மாறும் என்ற யோவேலின் வாக்கை, பெந்தெகொஸ்தே நாளில் தம் கண்முன் நிகழ்ந்ததோடு பேதுரு தொடர்புபடுத்திப் பேசினார் (அப்போஸ்தலர் நடபடிகள் 2:16-20). அதை வைத்து அவர் தேதி எதையும் கணக்கிடவில்லை.

நான்காவது, எதைச் செய்யச் சொல்கிறது? பணம் அனுப்பவோ, வேலையையும் மருந்தையும் பிள்ளைகளின் படிப்பையும் கைவிடவோ, உறவுகளை முறிக்கவோ சொன்னால், அது தெசலோனிக்காவில் பவுலின் பெயரால் கண்டிக்கப்பட்ட பாதை.

ஐந்தாவது, அச்செய்தியை அனுப்பியவரின் சபை அதற்குப் பொறுப்பேற்குமா? இயற்கைக்கு அப்பாற்பட்டதாகக் கூறப்படும் நிகழ்வுகளை ஆராய வத்திக்கான் 2024 மே மாதத்தில் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. பிற சபைகளிலும் ஆயரையோ மூப்பரையோ போதகரையோ கேட்டறிய வழி உண்டு. பெயரற்ற காணொளிக்கு அத்தகைய பொறுப்பு எதுவும் இல்லை.

காத்திருத்தல் என்பது என்ன?

வருகையைப் பற்றி மத்தேயு 24-ஆம் அதிகாரத்தில் பேசிய இயேசு, அடுத்த அதிகாரத்தில் மூன்றைச் சொல்கிறார். விளக்குக்கு எண்ணெய் வைத்திருந்த கன்னியர், கொடுத்த தாலந்தைப் பெருக்கிய ஊழியர், பசித்தவருக்கு உணவளித்தவரையும் நோயுற்றவரைக் கவனித்தவரையும் வலப்பக்கம் நிறுத்தும் தீர்ப்பு. மூன்றிலும் நாளைக் கணக்கிட்டவருக்குப் பரிசு இல்லை. தம் கடமையைச் செய்துகொண்டிருந்தவரே ஆயத்தமானவராகக் காணப்படுகிறார்.

வித்வான் குட்டி எழுதிய பாடல்கள் இன்றும் கேரளத் திருச்சபைகளில் ஒலிக்கின்றன. மணவாளனாகிய கிறிஸ்து ஏன் இன்னும் வரவில்லை என்று ஏங்கும் பாடலும் அவற்றுள் ஒன்று. 1881 என்ற ஆண்டை அறியாதவர்களும் அதைப் பாடுகின்றனர். அந்த ஏக்கம் திருமறைக்கு உரியது என்பதால் திருச்சபை அதை வைத்துக்கொண்டது. தேதியை அது ஏற்கவில்லை.